காற்றுப்புகாத் தானியப் பை ஊர்க்கடையில் தீராமலிருக்க: முழுமையான வழிகாட்டி

தானியத்தை மருந்தில்லாமல் வண்டிலிருந்து காப்பாற்றும் காற்றுப்புகாப் பை வேலை செய்யுமா என்ற கேள்விக்கு எப்போதோ விடை கிடைத்துவிட்டது. இன்னும் விடை கிடைக்காத கேள்வி வேறு. தானியம் அறுத்து, அடித்து, காய்ந்து களத்தில் கிடக்கிற அந்த நாலைந்து வாரத்தில், விவசாயி நடந்து போய் வாங்கக்கூடிய தூரத்தில் அந்தப் பை இருக்குமா? போன வருஷம் செயல்விளக்கத்தில் பார்த்தார், பிடித்திருந்தது. இந்த வருஷம் கடைக்குப் போனால் "இன்னும் வரலை" என்றார்கள். ஒரு வாரம் கழித்துப் போனார், அதே பதில். மூன்றாவது தடவை அவர் போகமாட்டார். தானியத்தை வந்த விலைக்குத் தள்ளிவிடுவார், இல்லையென்றால் பழையபடி மருந்துப் பொடியைத் தூவி மூட்டை கட்டிவிடுவார்.

கூட்டுறவுச் சங்கம், உழவர் குழு, விதை உரக் கடைக்காரர், மாவட்ட அளவிலான விநியோகஸ்தர், தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர் என இந்தப் பையை ஊருக்குள் கொண்டுபோக நினைக்கும் யாருக்கும் இது உதவும். ஒரு வருஷம் கொண்டுபோவது பெரிய விஷயமே இல்லை, ஒரு லாரியும் கொஞ்சம் பணமும் இருந்தால் போதும். ஐந்தாவது வருஷமும் பை அங்கே இருக்க என்ன செய்வது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் சரக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

விற்பவருக்கே பை எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால், வாங்குபவர் தப்பாகப் பயன்படுத்துவார். தப்பாகப் பயன்படுத்திய ஒரு பை பத்துப் பேரின் வாங்கும் எண்ணத்தைக் கெடுத்துவிடும்.

சாதாரணக் காற்றில் 21 சதவீதம் ஆக்ஸிஜன் இருக்கிறது. தானியத்தைப் பையில் நிரப்பி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, வாயை இறுகக் கட்டிவிட்டால், உள்ளே மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை வண்டும் புழுவும் தானியமுமே மூச்சுவிட்டுத் தீர்த்துவிடுகின்றன. ஆக்ஸிஜன் குறையக் குறையப் பூச்சி தின்பதை நிறுத்துகிறது. தானியத்தில் வாழும் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை, தின்ற மாவுச்சத்தை ஆக்ஸிஜனோடு சேர்த்து எரிக்கும்போது உடம்புக்குள் உண்டாகும் நீரை நம்பித்தான் அது வாழ்கிறது. ஆக்ஸிஜன் இல்லையென்றால் அந்த நீரும் இல்லை. ஆக அது மூச்சுமுட்டிச் சாவதைவிட வறண்டு சாகிறது என்பதே சரி. மருந்து எதுவும் தேவையில்லை.

இந்த வகையில் அதிகம் பேசப்படுவது 'பிக்ஸ்' பை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்துப் பூச்சியியல் பேராசிரியர் லாரி மர்டாக், 1980களின் பிற்பகுதியில் கேமரூன் ஆய்வாளர்களோடு சேர்ந்து தட்டைப்பயறைக் காப்பாற்ற வழி தேடியபோது பிறந்தது இது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பாலித்தீன் உள்ளுறை, அதற்கு வெளியே நெய்த பாலிபுரொப்பிலீன் சாக்கு என மூன்று அடுக்கு. உள்ளுறை ஒவ்வொன்றும் 80 மைக்ரான் தடிமன், அதிக அடர்த்திப் பாலித்தீனால் ஆனது. 2007இல் கேட்ஸ் அறக்கட்டளையின் நிதி கிடைத்த பிறகு மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பத்து நாடுகளில் பெரிய அளவில் இறங்கினார்கள். தட்டைப்பயறுக்காக வந்த பை பிறகு மக்காச்சோளம், சோளம், நிலக்கடலை, விதை என்று எல்லாவற்றுக்கும் போனது. கிரெயின்புரோ போன்ற நிறுவனங்களின் பை வேறு மாதிரி. அதில் ஒரே உள்ளுறைதான், ஆனால் ஆக்ஸிஜனைத் தடுக்கும் தனி அடுக்கு அந்த உறைக்குள்ளேயே சேர்ந்து வரும். ஜீரோஃபிளை என்ற பெயரில் வரும் சாக்கு முற்றிலும் வேறு சங்கதி: இழையிலேயே பூச்சிக்கொல்லி கலந்தது, வெளியிலிருந்து வரும் பூச்சியைத் தடுக்கும். இந்த வேறுபாடு கடைக்காரருக்குத் தெரியவேண்டும். எல்லாம் 'நல்ல சாக்கு' என்ற ஒரே பெயரில் விற்றால், குழப்பமும் ஒரே பெயரில்தான் வரும்.

எத்தனை பை வேண்டும்: சங்கத்து உறுப்பினர் எண்ணிக்கையை நம்பாதீர்கள்

பெரும்பாலும் தவறு தொடங்குவது இங்கேதான். "எங்கள் பகுதியில் 2,000 விவசாயக் குடும்பம், ஆளுக்கு ஐந்து பை, மொத்தம் 10,000" என்று கணக்குப் போட்டு ஆர்டர் கொடுக்கிறார்கள். பாதிக்குமேல் தேங்கிவிடும். அடுத்த வருஷம் கடைக்காரர் பை என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கணக்கை இப்படி வடிகட்டுங்கள். 2,000 குடும்பத்தில் மூன்று மாதத்துக்கு மேல் தானியம் வைத்திருப்பவர்கள் எத்தனை? 1,200 என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் களத்திலேயே விற்றுவிடுகிறவர்கள், அல்லது இரண்டு மாதத்தில் தின்று தீர்க்கிறவர்கள். அவர்களுக்கு இந்தப் பை தேவையில்லை, விற்கவும் கூடாது. 1,200 பேரும் சராசரியாக ஐந்து மூட்டை வைப்பார்கள் என்றால் மொத்த இடம் 6,000 பை. இதுதான் உச்சவரம்பு. முதல் வருஷம் இதில் பத்தில் ஒருவர் வாங்கலாம், அவரும் ஐந்து வாங்கமாட்டார், ஒன்றோ இரண்டோ வாங்கிச் சோதித்துப் பார்ப்பார். ஆக முதல் வருஷத் தேவை சுமார் 240. எண்கள் வெறும் உதாரணம்தான், உங்கள் பகுதிக்கு உங்கள் எண்ணைப் போடுங்கள். வடிகட்டும் முறை மட்டும் மாறக்கூடாது.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. நல்ல பையை ஓட்டை விழாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று பருவம் வரும். எல்லோரும் வாங்கி முடித்து 6,000 இடமும் நிரம்பிய பிறகு, வருஷா வருஷம் விற்பனை 6,000 இருக்காது. பை மூன்று பருவம் வந்தால் 2,000, இரண்டு பருவம் வந்தால் 3,000. அதாவது சந்தை வளரும் வருஷங்களில் விற்பனை ஏறிக்கொண்டே போய், ஒருநாள் திடீரென்று இறங்கும். இது முன்கூட்டியே தெரியாத விநியோகஸ்தர் "மோகம் தீர்ந்துபோச்சு" என்று முடிவு கட்டி சரக்கு எடுப்பதை நிறுத்திவிடுவார். கிழிந்த பைக்கு மாற்றுப் பை வாங்க வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். இந்த இறக்கம் வரும் என்பதை முதல் வருஷமே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

நாட்காட்டியைப் பின்னாலிருந்து எழுதுங்கள்

விதை விற்பனைக்குப் பருவம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். பைக்கு அதைவிடக் குறுகிய பருவம். அறுவடைக்கு முன் யாரும் வாங்கமாட்டார்கள், கையில் காசு இருக்காது. தானியம் காய்ந்த பின் மூன்று வாரம் தாமதமானால் பயன் குறைந்துவிடும், அதற்குள் வயலிலிருந்தே தொற்றிவந்த வண்டு பெருகத் தொடங்கிவிடும். பயறு வண்டை எடுத்துக்கொள்ளுங்கள், வெயில் காலத்தில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தலைமுறை. ஒரு பெண் வண்டு பல டஜன் முட்டை இடும்.

அதனால் அறுவடை தொடங்கும் வாரத்தைப் பூஜ்யம் என்று குறித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். கிராமக் கடையில் பை வந்து சேரவேண்டியது அதற்கு 4 வாரம் முன்பு. மாவட்டக் கிடங்கில் 8 வாரம் முன்பு. உள்நாட்டுத் தொழிற்சாலை என்றால் ஆர்டர் 4 மாதம் முன்பு, இறக்குமதி என்றால் குறைந்தது 6 மாதம் முன்பு. கப்பல், துறைமுகம், சுங்கம் மூன்றும் சேர்ந்தால் இரண்டு மாதம் எங்கே போனது என்றே தெரியாது. இந்த இடைவெளிகள் என் கணிப்பு, சாலையும் மழையும் பொறுத்து மாறும். ஆனால் ஒன்று மாறாது: பை ஆர்டர் கொடுக்கவேண்டிய நாளில் பயிர் வயலில் முழங்கால் உயரம்கூட இருக்காது. விளைச்சல் எப்படி என்று பார்த்துவிட்டு ஆர்டர் கொடுப்போம் என்று காத்திருந்தவர்கள் எல்லோரும் தாமதமாகவே சரக்கு எடுத்திருப்பார்கள்.

விளைச்சல் பொய்த்தால் என்ன செய்வது? நியாயமான பயம். இங்கே பைக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது, அதைக் கடைக்காரரிடம் அழுத்திச் சொல்லுங்கள். விதைக்கு முளைப்புத்திறன் குறையும், மருந்துக்குக் காலாவதி தேதி உண்டு. பை வெயில் படாமல், எலி தொடாமல், பிரிக்காத கட்டாக இருந்தால் அடுத்த பருவமும் அதே பைதான். விற்காத பை நஷ்டமாகாது, முடங்கிய பணம் மட்டுமே. முடங்கிய பணத்துக்கு வழி இருக்கிறது, அதை அடுத்துச் சொல்கிறேன்.

சங்கிலியில் ஒவ்வொருவருக்கும் என்ன மிச்சம்

உற்பத்தியாளர், விநியோகஸ்தர், மொத்த வியாபாரி, ஊர்க்கடை. இந்த நாலு பேரில் ஒருவருக்குக் கட்டுப்படியாகவில்லை என்றாலும் பை அந்த இடத்திலேயே நின்றுவிடும். பெரும்பாலும் நிற்பது கடைசிக் கையில்.

ஊர்க்கடைக்காரரின் மனக்கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். அவர் பையின் லாபத்தைத் தனியாகப் பார்ப்பதில்லை. அதே பணத்தை உரத்தில் போட்டால் எத்தனை தடவை சுற்றும், பையில் போட்டால் எத்தனை தடவை என்று பார்க்கிறார். பை வருஷத்துக்கு ஒரு தடவைதான் சுற்றும். அதனால் வேகமாகப் போகும் சரக்குக்குக் கொடுக்கிற அதே கழிவை (விற்பவருக்கான பங்கை) இதற்கும் கொடுத்தால் அவர் மரியாதைக்கு ஒரு கட்டு வாங்கி மூலையில் வைப்பார், அவ்வளவுதான். மெதுவாகப் போகும் சரக்குக்குக் கழிவு கூடுதலாக இருக்கவேண்டும். "விவசாயிக்கு விலை ஏறிவிடுமே" என்று நல்லெண்ணத்தில் கடைக்காரரின் பங்கைக் குறைக்கும் திட்டங்கள் உண்டு. விலை குறைந்த, கிடைக்காத பையை வைத்து விவசாயி என்ன செய்வார்?

விலை பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. பாலித்தீன் விலை கச்சா எண்ணெயோடு ஏறி இறங்கும். மூலப்பொருள் இறக்குமதி என்றால் நாணய மதிப்பும் சேர்ந்து ஆடும். பையின் மீது "அதிகபட்ச விலை" அச்சடித்து மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டால், முதல் விலையேற்றத்திலேயே உற்பத்தியாளர் தடிமனைக் குறைப்பார் அல்லது அனுப்புவதை நிறுத்துவார். விலையைப் பருவத்துக்கு ஒருமுறை, ஆர்டர் நேரத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

முடங்கும் பணத்துக்கு நான் பார்த்தவரையில் மூன்று வழி உண்டு. ஒன்று, விற்றுக் கொடுக்கும் ஏற்பாடு. சரக்கு விநியோகஸ்தருடையது, கடைக்காரர் விற்ற பிறகு பணம், விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வார். முதல் வருஷத்துக்கு இதுவே நல்லது, ஆனால் நீண்டகாலம் ஓட்டினால் கடைக்காரருக்கு அக்கறை போய்விடும், தன் பணம் போடாத சரக்கை யாரும் முன்வரிசையில் அடுக்குவதில்லை. இரண்டாவது வருஷத்திலிருந்து பாதிப் பணம் முன்னால், பாதி பின்னால் என்று மாற்றுங்கள். இரண்டு, உழவர் குழு வழியாக முன்பதிவு. அறுவடைக்கு இரண்டு மாதம் முன்பே சிறு முன்பணம் வாங்கிக்கொண்டு பெயர் எழுதிக்கொள்வது. தொகை சிறிதாக இருந்தாலும், அந்தப் பெயர்ப் பட்டியல்தான் கடைக்காரருக்கும் வங்கிக்கும் காட்டக்கூடிய ஒரே உண்மையான தேவைக் கணக்கு. மூன்று, விநியோகஸ்தர் தன் வங்கியிடம் பருவக்கடன் வாங்குவது. தொண்டு நிறுவனத்தின் பணம் இருந்தால் அதை இங்கே உத்தரவாதமாக வைக்கலாம். பையை வாங்கிக் கொடுப்பதைவிட, பை வாங்குகிறவரின் கடனுக்குப் பிணை நிற்பது பலமடங்கு தூரம் போகும்.

விநியோகஸ்தருக்கு இன்னொரு தலைவலி, குறைந்தபட்ச ஆர்டர் அளவு. உள்ளுறைப் படலம் ஊதும் இயந்திரத்தை ஒரு அளவுக்குத் திருப்பி ஓட்டத் தொடங்கினால் ஆலைக்குக் கணிசமான எண்ணிக்கை தேவை. 240 பைக்கு யாரும் இயந்திரத்தைத் திருப்பமாட்டார்கள். பக்கத்து மாவட்ட விநியோகஸ்தர்களோடு சேர்ந்து ஒரே ஆர்டராகக் கொடுங்கள். அளவையும் கூட்டமாக்காதீர்கள்: 50 கிலோ, 100 கிலோ இரண்டு போதும். பெண்கள் தூக்கவேண்டிய வீடுகளிலும் விதை வைப்பவர்களும் 50ஐத்தான் கேட்பார்கள், அதைக் கொஞ்சம் கூடுதலாக எடுங்கள்.

கடைசி சில மைல்

பை லேசான சரக்கு, அதற்கென்று தனி வண்டி வைத்தால் வாடகை லாபத்தை விழுங்கிவிடும். ஊருக்குள் ஏற்கெனவே போகிற வண்டியைப் பிடியுங்கள். மேலுரம் ஏற்றிப்போகும் வண்டி ஒன்று. இன்னொன்றை நிறையப் பேர் கவனிப்பதில்லை: அறுவடைக் காலத்தில் தானியம் வாங்க ஊருக்குள் வரும் லாரி காலியாகத்தான் வருகிறது. தானிய வியாபாரிக்கும் பையில் அக்கறை உண்டு, வண்டு விழாத தானியத்துக்கு அவருக்கும் நல்ல விலை கிடைக்கும்.

கடை எது என்று தேர்ந்தெடுக்கும்போது பெரிய கடையைவிட, வருஷம் முழுக்கத் திறந்திருக்கும் கடையைப் பாருங்கள். உரக்கடை சில ஊர்களில் விதைப்புப் பருவத்தில் மட்டும் திறந்து, அறுவடைக்கு முன் மூடிவிடும். பை விற்கிற நேரத்தில் பூட்டிய கடையால் என்ன பயன்? அங்கெல்லாம் மளிகைக்கடை, அரவை ஆலை, சாக்கு விற்கும் கடை பொருத்தமானது. அரவை ஆலை எனக்குப் பிடித்த இடம். வண்டு விழுந்த தானியத்தை ஒவ்வொரு வீடும் எடுத்துக்கொண்டு வந்து சலித்துக்கொள்கிற இடம் அது.

தேவையை உண்டாக்குவது: பையை எல்லோர் முன்னாலும் திறங்கள்

சுவரொட்டி, வானொலி எல்லாம் துணைக்கு நல்லது. ஆனால் விவசாயியை வாங்கவைப்பது ஒன்றே ஒன்று, தன் ஊர்த் தானியத்தைத் தன் கண்ணால் பார்ப்பது. மேற்கு ஆப்பிரிக்காவில் பிக்ஸ் திட்டம் ஆயிரக்கணக்கான கிராமங்களில் செய்ததும் இதையே. அறுவடையில் சிலரின் தானியத்தை எல்லோர் முன்னிலையிலும் கட்டி வைப்பார்கள், நாலைந்து மாதம் கழித்து ஊரைக் கூட்டித் திறப்பார்கள். பக்கத்தில் சாதாரணச் சாக்கில் வைத்த அதே தானியத்தையும் கொட்டிக்காட்டவேண்டும். கையில் அள்ளியவுடன் மாவாக உதிர்வதும் ஓட்டை விழுந்த மணியும் பேசுகிற பேச்சை எந்த அதிகாரியும் பேசமுடியாது.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. திறப்பு விழா, வீட்டுத் தானியம் தீர்ந்து விலை ஏறியிருக்கும் பஞ்ச மாதத்தில் நடக்கும், அப்போது யாருக்கும் கட்டுவதற்குத் தானியம் இருக்காது. அன்றைக்கு எழும் ஆர்வம் அறுவடைக்குள் ஆறிவிடும். ஆகவே விழா அன்றே முன்பதிவு நோட்டைத் திறந்துவையுங்கள், கடைக்காரரையும் அங்கே நிற்கவையுங்கள், "இவரிடம் இன்ன வாரத்திலிருந்து கிடைக்கும்" என்று ஆளைக் காட்டிச் சொல்லுங்கள். செயல்விளக்கம் ஒரு ஊரில், பை கிடைப்பது இருபது மைல் தள்ளி என்றால், அந்தச் செயல்விளக்கத்தை நடத்தாமலே இருக்கலாம்.

விவசாயியிடம் கணக்கை இப்படிப் போட்டுக் காட்டுங்கள். பஞ்ச மாத விலையிலிருந்து அறுவடை விலையைக் கழியுங்கள், அதை ஒரு மூட்டைக்குப் பெருக்குங்கள். ஏற்கெனவே பழைய சாக்கில் சேமித்து வைக்கிறவர் என்றால், அதற்குப் பதிலாக வண்டுக்குப் போயிருக்கும் பங்கின் விலையை எடுத்துக்கொள்ளுங்கள். பை விலையை எத்தனை பருவம் வருமோ அதால் வகுத்து, அதைக் கழியுங்கள். மிச்சம் கூடுதலாக நின்றால் பை கட்டுப்படியாகும். சில பயிர்களில், சில இடங்களில் விலை பெரிதாக ஏறாது. அங்கே விற்பதற்காகச் சேமிப்பவருக்கு இந்தப் பை லாபமில்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் மட்டும் இரண்டு பை போதும். இப்படிச் சொன்ன கடைக்காரரை மக்கள் அடுத்த வருஷமும் நம்புவார்கள்.

தப்பாகக் கட்டிய பைதான் மோசமான விளம்பரம்

ஒவ்வொரு பையோடும் படம் போட்ட துண்டுச்சீட்டு போகவேண்டும், கடைக்காரர் வாயாலும் சொல்லவேண்டும். சொல்லவேண்டியவை அதிகமில்லை.

தானியம் நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும். மக்காச்சோளத்துக்கு ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, நிலக்கடலைக்கு 7, 8. ஈரத்தோடு கட்டினால் உள்ளேயே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். இந்தப் பை ஈரத்தை வெளியே விடாது, உலர்த்தவும் செய்யாது. ஈரமானி இல்லாத வீட்டுக்கு உப்புச் சோதனை போதும்: உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் தானியம், ஒரு சிட்டிகை உலர்ந்த பொடியுப்பு போட்டு, மூடிக் குலுக்கி, சில நிமிஷம் வைத்துப் பாருங்கள். உப்பு புட்டியின் சுவரில் ஒட்டினால் ஈரப்பதம் 15 சதவீதத்துக்கு மேல், இன்னும் காயவேண்டும். ஒட்டாவிட்டாலும் 13க்கு இறங்கியிருக்க இன்னொரு நாள் வெயிலில் போடுவது நல்லது.

உள்ளுறைகளை ஊதிப்பார்த்து, வாயைத் திருகி, அழுத்திப் பாருங்கள், ஓட்டை இருந்தால் காற்று சீறும். கல், முள், கதிர்த்துண்டு இல்லாமல் சலித்த தானியத்தை முதல் உறையில் நிரப்புங்கள். காற்று தங்காதபடி அடக்கி, வாயைத் திருகி, வளைத்து மடக்கி, இறுகக் கட்டுங்கள். இரண்டாவது உறையையும் அப்படியே தனியாகக் கட்டுங்கள், கடைசியில் வெளிச்சாக்கு. இரண்டு உறையையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டுவது எல்லோரும் செய்கிற தப்பு. ஒன்றில் ஓட்டை விழுந்தால் மற்றது காப்பாற்றும் என்பதற்காகத்தானே இரண்டு? மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரை ஒட்டாமல், வெயில் படாமல் வையுங்கள். வாரம் ஒருமுறை பிரித்து அள்ளுகிற பையில் புதுக்காற்று புகுந்துகொண்டே இருக்கும். அன்றாடச் செலவுக்கு ஒரு மூட்டையைத் தனியாகச் சாதாரணச் சாக்கில் வைத்துக்கொண்டு, மற்றதைத் தொடாமலிருங்கள்.

எலி இருக்கிற வீட்டில் பை நிற்காது, இதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பெரிய தானியத் துளைப்பான் என்ற வண்டும் பாலித்தீனைத் துளைக்கும். மத்திய அமெரிக்காவிலிருந்து 1970களின் பிற்பகுதியில் தான்சானியாவுக்கு வந்து, ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் இன்று காணப்படும் பூச்சி அது. அது உள்ள பகுதிகளில் தானியத்தை நன்றாகச் சலித்து, கதிரில் வைக்காமல் உதிர்த்து, உடனே கட்டவேண்டும்.

இலவசப் பை

இதைப்பற்றி எனக்குக் கொஞ்சம் காட்டமான கருத்து உண்டு. வெள்ளம், போர், முழுப்பஞ்சம் என்றால் இலவசமாகக் கொடுப்பதை யாரும் குறை சொல்லமுடியாது. மற்ற நேரத்தில் ஒரு லாரி இலவசப் பை, கடைக்காரரின் ஒரு வருஷ விற்பனையை ஒரே நாளில் அழித்துவிடும். அவர் கிடங்கில் முதல் போட்டு வாங்கிய பை அப்படியே கிடக்கும். அடுத்த வருஷம் இலவசமும் வராது, கடைக்காரரும் வாங்கமாட்டார். வாங்கப் பழகிய விவசாயியும் "இந்த வருஷமும் கொடுப்பாங்க" என்று காத்திருந்து ஏமாறுவார். இலவசமாக வந்த பையைத் துணி வைக்கவும் தண்ணீர் பிடிக்கவும் பயன்படுத்துவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உதவி செய்தே ஆகவேண்டும் என்றால் சீட்டு கொடுங்கள். ஏழைக் குடும்பத்துக்குப் பகுதி விலைக்கான சீட்டு, அதை ஊர்க்கடையில் கொடுத்துப் பை வாங்கிக்கொள்ளலாம், கடைக்காரர் சீட்டைப் பணமாக்கிக்கொள்வார். பை கடை வழியாகவே போகிறது, சங்கிலி அறுவதில்லை. சீட்டின் மதிப்பை வருஷா வருஷம் குறைத்துக்கொண்டே வாருங்கள், எப்போது முடியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சீட்டுப் பணத்தைப் பருவம் முடிவதற்குள் கடைக்காரருக்குக் கொடுக்காமல் இழுத்தடித்தால், இலவசப் பையைவிடப் பெரிய கேடு அதுதான்.

அரசோ நிறுவனமோ மொத்தமாக வாங்குவதும் ஒருவகையில் இதே ஆபத்து. ஆலைக்குப் பெரிய ஆர்டர் வந்துவிட்டால் சில்லறைச் சந்தைக்கு அந்த வருஷம் சரக்கே வராது. மொத்த ஆர்டரைச் சில்லறைப் பருவத்துக்கு வெளியே வாங்கச்சொல்லிப் பேசிப் பாருங்கள்.

போலி

பை பெயர் வாங்கியவுடன் போலி வரும். வெளிச்சாக்கும் அச்சும் அப்படியே இருக்கும், உள்ளே மெல்லிய உறை ஒன்று மட்டும் இருக்கும். கட்டுக்கு ஒன்று பிரித்து, உறை எண்ணிக்கையைப் பார்த்து, மைக்ரோமீட்டரால் தடிமனை அளந்து, ஊதிப்பார்ப்பது விநியோகஸ்தரின் வேலை. வாங்கும்போதே ஒப்பந்தத்தில் தடிமனை எழுதிவையுங்கள், "நல்ல தரம்" என்று எழுதினால் அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. ஓட்டைப் பை வந்தால் கடைக்காரர் கேள்வி கேட்காமல் மாற்றிக்கொடுக்கட்டும், ஆலை அவருக்கு மாற்றிக்கொடுக்கட்டும். இந்த ஒரு ஏற்பாடு இல்லாத இடத்தில்தான் போலி நிற்கிறது. நல்ல பையும் கெட்ட பையும் வாங்குகிறவருக்கு ஒன்றாகவே தெரிவதால்.

வரி விஷயம் சுருக்கமாக: பல இடங்களில் இந்தப் பை விவசாய இடுபொருளாகக் கருதப்படாமல் சாதாரண பிளாஸ்டிக் பையாகவே வரி போடப்படுகிறது. சில இடங்களில் பிளாஸ்டிக் தடைச்சட்டத்திலேயே மாட்டிக்கொள்கிறது. ஆர்டர் கொடுக்கும் முன் விசாரித்துவிடுங்கள். விலக்கு கேட்டு மனு கொடுக்கத் தனிக்கடையால் முடியாது, விநியோகஸ்தர்கள் சேர்ந்து கேட்கவேண்டும்.

பழைய பை எங்கே போகிறது

ஓட்டை விழுந்த உள்ளுறையை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்துவதைவிட, வெளி உறையாக மாற்றி, புது உள்ளுறை ஒன்று மட்டும் வாங்கிப் போடலாம். உள்ளுறையைத் தனியாக விற்க ஆலை சம்மதித்தால் விவசாயிக்குச் செலவு குறையும், கடைக்காரருக்கும் வறண்ட வருஷத்தில் கொஞ்சம் வியாபாரம் ஓடும். முழுக்கக் கிழிந்தவற்றைப் பருவத் தொடக்கத்தில் கடையிலேயே திரும்ப வாங்கி, புதுப்பை விலையில் சிறிது தள்ளுபடி கொடுத்தால், வயலில் பாலித்தீன் பறப்பதும் குறையும். எத்தனை பழைய பை திரும்பி வந்தது என்பது அடுத்த வருஷ மாற்றுத் தேவைக்கு நல்ல அளவுகோலாகவும் இருக்கும்.

ஒரு நோட்டு போதும்

இதற்குச் செயலி, மென்பொருள் எதுவும் அவசியமில்லை. ஒவ்வொரு கடையிலும் ஒரு நோட்டில் நாலு பத்தி: வந்த பை, விற்ற பை, திருப்பிக் கொடுத்த ஓட்டைப் பை, அப்புறம் கேட்டு இல்லையென்று திரும்பியவர்கள். கடைசிப் பத்தியை எழுதச்சொல்லும்போது கடைக்காரர்கள் சிரிப்பார்கள், விற்காததை எதற்கு எழுதுவது என்று. எழுதவைத்துவிடுங்கள். விற்பனை எண் கடந்த வருஷம் எவ்வளவு சரக்கு இருந்தது என்று மட்டுமே சொல்லும், திரும்பிப் போனவர்களின் எண்தான் எவ்வளவு இருந்திருக்கவேண்டும் என்று சொல்லும்.

பருவம் முடிந்த மாதத்தில் விநியோகஸ்தரும் கடைக்காரர்களும் ஒருநாள் உட்காரட்டும், நோட்டுகளை மேஜையில் வைத்து அடுத்த ஆர்டரை அன்றைக்கே எழுதட்டும். நீங்கள் தொண்டு நிறுவனத்துக்காரர் என்றால் மூன்றாவது வருஷம் அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் இருந்து பாருங்கள். நீங்கள் இல்லாமல் கூட்டம் நடந்து, ஆர்டரும் போயிருந்தால், அடுத்த மாவட்டத்துக்கு மூட்டை கட்டலாம்.